வண்டிதான் ஓடுகிறதே

தாஷ்-புலாக், ஏப்ரல் 14, 2006

இல்லை, விற்கவில்லை. செத்துவிட்டது. சாம்பல் குதிரையை நான் விற்றுவிட்டதாக உனக்கு யார் சொன்னது என்று கேட்கப்போவதில்லை. வயிற்றுவலி. ஒரு பகல் முழுக்கத் தரையில் புரண்டது. அப்பா பக்கத்திலேயே இருந்தார், மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு.

தம்பி ஜோமார்த்துக்கு அக்கா கனிஷாய் எழுதுவது. உடம்பும் வேலையும் சௌகரியமா? இங்கே மந்தையும் மனிதர்களும் பத்திரம், குதிரை நீங்கலாக.

அப்பாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் இனிக் குதிரை ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மே கடைசியில் ஊர் ஆடுகளை மேய்ச்சல் மலைக்கு ஏற்ற வேண்டும். அப்பா எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்னொரு குதிரை வாங்க வழியில்லை. எசென்குல் பெரியவரின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். சீனாவில் செய்தது. சின்னது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும்.

விலை பேசிக் கைகுலுக்கியபின் சாவியைக் கேட்டேன். அவர் அதைத் தன் பூட்சுக்குள் போட்டுக்கொண்டார்.

"கடிவாளத்த யாராச்சும் குடுப்பாங்களா, தாயி?"

"பெரியப்பா, இது குதிரை இல்ல. சாவி இல்லாம எப்படி ஓடும்?"

"அது உன் பாடு. கடிவாளத்தோட குடுத்தா வீட்டுல இருக்கற கொடுப்பினையும் கூடவே போயிடும். உங்கப்பன் கிட்ட கேளு, அவன் எத்தன குதிர வித்திருக்கான், ஒண்ணுக்காவது கடிவாளம் குடுத்தானான்னு."

அப்பாவிடம் கேட்டேன். "சரியாத்தான சொல்லியிருக்கான்," என்றார்.

வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதத்துக்கென்று பிப்ரவரியில் வந்தவள் நான். நீ ஜூனில் வருவதாகச் சொன்னாய். பிஷ்கெக்கில் என் ஆய்வு இடத்தை அக்டோபர் பாதிவரை காலியாக வைத்திருப்பதாகப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். அதற்குப்பின் அது வேறொருவருக்குப் போய்விடும். நம் வீட்டின் கடைசி மகன் நீ. இந்த அடுப்பும் அப்பாவும் உன் பொறுப்பு என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

ஷைலோ ஓட்டும் பேருந்து நாளை உன் ஊருக்குக் கிளம்புகிறது. அவனிடம் இதைக் கொடுக்கிறேன். அப்பா உன்னைக் கேட்டார். வெயிலில்லாத ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.

*

நோவோசிபிர்ஸ்க், மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும், ஆடுகள் குட்டியும் தானுமாக இருக்க வேண்டும்.

எசென்குல் பெரியவர் சாவியைப் பூட்சில் போட்டதை இங்கே கிடங்கில் எல்லோருக்கும் சொன்னேன். உஸ்பெக் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டியை மம்பெத்திடம் காட்டு. சாவி இல்லாமல் ஓட்டத் தெரியாதவன் ஊரில் எவன் இருக்கிறான்?

அந்த வண்டி எனக்குத் தெரியும். செயின் நிச்சயம் தேய்ந்திருக்கும். இத்துடன் புதிய செயினும், பின்னால் போட ஒரு பெரிய பற்சக்கரமும் அனுப்பியிருக்கிறேன். பெரியதைப் போட்டால் வேகம் குறையும், மேடு ஏறும்.

ஜூன் கஷ்டம், அக்கா. கிடங்கில் ஆள் இல்லை. முதலாளி விடமாட்டான். செப்டம்பரில் கட்டாயம். ஆடுகள் இறங்கும்போது நான் அங்கே இருப்பேன். உன் படிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

அப்பாவின் கையைத் தொட்டு என் வணக்கம் சொல்.

ஜோமார்த்.

*

மேய்ச்சல் மலை, மே 30

தம்பிக்கு,

செயினும் சக்கரமும் வந்தன. அப்பாவும் நானும் பத்திரமாக ஏறிவிட்டோம். கூடாரம் போட்டாயிற்று. ஆடுகள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? செப்டம்பர் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மம்பெத் வண்டியைப் பிரித்த கதையைச் சொல்ல வேண்டும். என்னோடு ஐந்தாவது படித்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தவன் அவன். அந்தக் கடிகாரம் பிறகு ஓடவேயில்லை. இப்போது டிராக்டர் பழுது பார்க்கிறான். கீழே துணி விரித்து எல்லாவற்றையும் கழற்றினான். பூட்டி முடித்தபோது இரண்டு நட்டு மிச்சம்.

"இது எதோடது?"

"சீனாக்காரன் எப்பவும் ரெண்டு கூடுதலா வெச்சுத்தான் அனுப்புவான். பெரிய மனசு."

"மம்பெத்."

"சரி, சரி. நீ படிச்சவ. நீயே எங்கன்னு கண்டுபிடி."

ஒன்றைக் கண்டுபிடித்தேன். சைலன்சர் கழன்று விழுந்தபோது.

சாவிக்குப் பதில் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு ஒயர்களை வெளியே இழுத்துவிட்டிருக்கிறான். முறுக்கிச் சேர்த்தால் உயிர். பிரித்தால் இல்லை. டேப் சுற்றச் சொன்னேன். டேப் தீர்ந்துவிட்டதாம்.

பின் டயரில் டியூப் கிடையாது. எசென்குல் பெரியவர் உள்ளே வைக்கோல் அடைத்திருந்தார். புதிய டியூப் போட்டோம். சக்கரத்துக்கு இரத்தம் தொட்டு வைக்காமல் மலை ஏறக் கூடாதென்று அப்பா பிடிவாதம். சேவல் ஒன்று அறுத்தோம். முன்சக்கரத்தில் தடவி, கையை ஏந்தி, நீளமாக ஆசி சொன்னார். நடுவில் சொற்கள் மறந்து நின்றார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

மேலே வந்ததும் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. கறுப்பாக இருமுகிறது. கீழே ஏறிய மேட்டின் பாதியை இங்கே ஏறவில்லை. நான் இறங்கித் தள்ளுகிறேன். ஆடுகள் நின்று பார்க்கின்றன.

அக்கம்பக்கக் கூடாரத்துப் பெண்கள் குதிரைப்பால் குமிஸ் குடிக்கக் கூப்பிடுவது இதைக் கேட்கத்தான்: "கனிஷாய், உன் குதிரைக்கு வயசு என்னடி? வாயத் தெறந்து பல்லக் காட்டச் சொல்லு பாப்போம்."

கைகளில் எண்ணெய் போகவில்லை. கொண்டுவந்த புத்தகங்களை விரலால் புரட்டுவதில்லை, கத்தி முனையால் புரட்டுகிறேன்.

அப்பா நலம்.

கனிஷாய்.

*

நோவோசிபிர்ஸ்க், ஜூன் 22

அக்காவுக்கு வணக்கம். உடம்பு எப்படி? அப்பா எப்படி? மலையில் புல் நன்றாக இருக்கிறதா?

மூச்சு முட்டுவது கார்புரேட்டரால். உயரத்தில் காற்று குறைவு, பெட்ரோல் அதிகமாக இறங்கும். உள்ளே ஜெட் என்று சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் துளை. அதைச் சிறிய துளை உள்ளதாக மாற்று. மூன்று அளவு அனுப்பியிருக்கிறேன். மம்பெத்தைத் தொடவிடாதே. அவன் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்வான். எறியாதே. நீயே செய். உன்னால் முடியும்.

இங்கே வேலை, வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஜன்னல் கிழக்கே பார்க்கிறது.

செப்டம்பரில் பேசுவோம்.

ஜோமார்த்.

*

மேய்ச்சல் மலை, ஜூலை 10

தம்பிக்கு,

உன் பொட்டலம் வந்தது. நீ நலமென்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் பத்திரம்.

மம்பெத் ஏர் ஃபில்டரை எறியச் சொன்னான். எறியவில்லை.

கார்புரேட்டரை ஒரு கிண்ணத்துக்குள் வைத்துப் பிரித்தேன், எதுவும் புல்லில் விழாமல். உன் மூன்று பித்தளைத் துண்டுகளில் நடுவில் உள்ளது சரியாக வந்தது. கிக்கரை உதைத்தேன். இருமல் இல்லை. பனிக்கோட்டின் அருகே உள்ள கல்குவியல் வரை இறங்காமல் ஏறினேன். அங்கே எஞ்சினை நிறுத்தவில்லை. சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடுகள் இப்போது ஹாரனுக்குத் திரும்புகின்றன. நாய் முன்சக்கரத்தைக் கடிப்பதை விட்டுவிட்டது. பெண்கள் பல்லைக் கேட்பதில்லை. நேற்று ஒருத்தி தன் மாமியாரை மருந்துக்குக் கீழே கொண்டுபோக முடியுமா என்று கேட்டாள். கொண்டுபோனேன். பாட்டி வழியெல்லாம் என் முதுகில் கடவுளைக் கூப்பிட்டாள்.

வண்டி நன்றாக ஓடுகிறது. இதை உனக்கு எழுத ஏனோ கை தயங்கியது.

அறைக்குச் சுண்ணாம்பு யாரோடு சேர்ந்து அடிக்கிறாய்?

அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி. வயதுதான்.

கனிஷாய்.

*

மேய்ச்சல் மலை, ஆகஸ்ட் 12

தம்பி,

போன முறை ஷைலோ உன்னிடமிருந்து எதுவும் கொண்டுவரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று யோசித்தேன். "நல்லாத்தான் இருக்கான், சதை போட்டிருக்கான்," என்றான். சந்தோஷம்.

வண்டி எரிந்துவிட்டது. முழுவதும் இல்லை. பயப்படாதே.

சாயங்காலம் மந்தையைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, கூடார வாசலில் நிறுத்தினேன். எஞ்சின் தானாகவே நின்றுபோனதால் ஒயர்களைப் பிரிக்க மறந்திருப்பேன். பால் கறக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அப்பா, கைத்தடியோடு, கம்பளி விரிப்பை எடுத்துவந்து வண்டிமேல் போர்த்திக்கொண்டிருக்கிறார். சூடான சைலன்சர்மேல், ஒயர்மேல், எல்லாவற்றின்மேலும்.

"என்னப்பா பண்றீங்க?"

"வேர்த்திருக்கு பாரு. காத்துப் பட்டா நெஞ்சுல சளி கட்டும்."

நான் சிரித்தேன். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்கப் போனேன்.

பிறகு புகை. பெட்ரோல் குழாயில் எப்போதும் ஒரு கசிவு உண்டு. சீட்டுக்கடியில் பொறி பட்டிருக்கிறது. கையில் கிடைத்தது ஒரு வாளித் தயிர். அதைத்தான் ஊற்றினேன். தீ அணைந்தது. ஒயர்கள் எல்லாம் உருகி ஒரே கட்டி. புளித்த நாற்றம் இன்னும் போகவில்லை. எசென்குல் பெரியவர் சாவியைக் கொடுத்திருந்தால் அந்த ஒயர்கள் வெளியே வந்திருக்காது. அவரிடம் சண்டை போட மனமில்லை. அவர் தரப்பில் அவர் சரி. அப்பா தரப்பில் அப்பா சரி.

இப்போது நடந்தே மேய்க்கிறேன். முழங்கால் வீங்குகிறது.

செப்டம்பர் வந்துகொண்டிருக்கிறது. எந்த வாரம் என்று மட்டும் எழுது.

கனிஷாய்.

*

நோவோசிபிர்ஸ்க், ஆகஸ்ட் 29

அக்கா,

எழுதாததற்கு மன்னித்துக்கொள். நான் நலம். உன் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தேய்த்துக் கட்டு.

அப்பா இன்னும் கிண்டலை விடவில்லை பார். படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன்.

முழு வயரிங் செட் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். சாவிப் பூட்டும் அதில் உண்டு, இரண்டு சாவியோடு. எந்த நிற ஒயர் எங்கே போகும் என்று படம் வரைந்திருக்கிறேன். கசியும் குழாய்க்கும் மாற்று இருக்கிறது. ஒரு ஜோடிக் கையுறையும், குளிருக்கு.

நீ நன்றாக ஓட்டுவதாக ஷைலோ சொன்னான். மலையில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். நீ அங்கே இருப்பதால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. உண்மையாகவே.

செப்டம்பர் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன்.

ஜோ.

*

தாஷ்-புலாக், செப்டம்பர் 18

தம்பிக்கு. நலம். நலமறிய ஆவல்.

வயரிங்கை மாற்றிவிட்டேன். உன் படம் தெளிவாக இருந்தது. பச்சை ஒயர் ஒன்று மட்டும் நீ சொன்ன இடத்தில் இல்லை, தேடிப் பிடித்தேன். ஹெட்லைட் முதல்முறையாக எரிகிறது. மந்தையை இறக்கி உரியவர்களிடம் எண்ணி ஒப்படைத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. வீட்டு ஆடுகள் கொல்லையில்.

நீ பொருள்களை அனுப்பிய அட்டைப்பெட்டி குழந்தைப் பால்மாவுப் பெட்டி. கடையில் கிடைத்ததாக இருக்கலாம்.

செயின், பற்சக்கரம், ஜெட், குழாய், வயரிங், கையுறை. ஒவ்வொன்றும் நல்லது. ஒவ்வொன்றையும் பூட்டும்போது ஒன்று தோன்றியது. எழுதவில்லை.

ஒரே கேள்வி. அக்டோபர் பதினைந்துக்குள் வருவாயா? ஆம் அல்லது இல்லை. ஷைலோவிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும்.

க.

*

நோவோசிபிர்ஸ்க், செப்டம்பர் 30

அக்கா,

பெட்டி கடையில் கிடைத்ததல்ல.

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அவள் பெயர் ரெனாத்தா. தாத்தார் இனத்துப் பெண். கிடங்கில் கணக்குப் பார்க்கிறாள். ஜூலையில் மகன் பிறந்தான். நம் வழக்கப்படி நாற்பதாம் நாளுக்கு அக்கம்பக்கத்தில் துண்டுத் துணி வாங்கிக் குழந்தைக்குச் சட்டை தைக்க இங்கே யாரிருக்கிறார்கள்? கடையில் ஒன்று வாங்கிப் போட்டோம். அப்பாவிடம் சொல்லாதே. நானே சொல்ல வேண்டும். வசந்தத்தில் சொல்வேன்.

இப்போது கிளம்பினால் குடியுரிமைக் காகிதம் போய்விடும், அறை போய்விடும். இந்தக் குளிர்காலம் மட்டும், அக்கா. படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட முடியாதா? பேராசிரியர்கள் நல்லவர்கள், கேட்டால் தருவார்கள். ஆடுகள் இறங்கிவிட்டன. அப்பா குணமாகிவிட்டார். வேலையும் அதிகமில்லை. வண்டிதான் ஓடுகிறதே.

கோபப்படாதே. நீ கோபப்பட்டால் என்னால் தாங்க முடியாது. குளிருக்கு எண்ணெயை மெல்லியதாக மாற்று. ஒரு டின் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி.

*

தாஷ்-புலாக், அக்டோபர் 10

ஜோமார்த்,

குழந்தைக்கு ஆயுள் நீளட்டும். பெயரை நீ எழுதவில்லை.

கோபமில்லை. அதற்குத் தெம்பு வேண்டும்.

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கிண்டல் செய்யவில்லை. கம்பளியைப் போர்த்தியபோது வண்டியின் டேங்கைத் தட்டிக்கொடுத்து "சாம்பலா, சாம்பலா" என்றார். தயிரை ஊற்றியபோது அழுதார். குதிரையைக் கொன்றுவிட்டேன் என்று என்னைத் திட்டினார். அதை உனக்கு நான் எழுதவில்லை. ஆசி சொல்லும்போது சொற்கள் மறந்த அன்றே எனக்குத் தெரியும்.

எழுதியிருந்தால் வந்திருப்பாயோ என்னவோ. நீ கொடுத்த வாக்குக்காக வருவாயா என்று பார்க்க விரும்பினேன். இது ஒருவேளை பெருமை. இப்போது பயனில்லை.

மலையிலிருந்து இறங்கியதிலிருந்து அவர் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஹெல்மெட்டும் உன் பழைய கோட்டும் போட்டிருப்பதால் என்று முதலில் நினைத்தேன். கழற்றிய பிறகும் அப்படியேதான்.

"ஜோமார்த், வந்துட்டியா?"

"வந்துட்டேன்பா."

"உங்கக்கா எங்கடா?"

"பட்டணத்துல படிக்கறா."

"படிக்கட்டும். அவள இங்க இழுத்துடாத. பாவம்."

ஒவ்வொரு மாலையும் இதே பேச்சு. நானும் ஒத்துக்கொண்டு பதில் சொன்னேன். அவர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அவரைப் பொறுத்தவரை நீ வந்துவிட்டாய். உன்னைப் பொறுத்தவரை நான் இருக்கிறேன், போதும். இரண்டு பேருக்கும் கணக்கு சரியாக இருக்கிறது.

நேற்று சாயங்காலமும் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டார். குரலில் பயம் தெரிந்தது. அப்போதும் ஜோமார்த் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

எண்ணெய் டின் வந்தது. மாற்றிவிட்டேன். செயினை இறுக்கினேன். டேங்கை நிரப்பினேன். வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, ஒரு சாவியை ஷைலோவிடம் கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு உன்னிடம் தர. ஓடும் நிலையில் இருக்கிறது. வரும்போது உனக்குத் தேவைப்படும். வீட்டு ஆடுகள் மம்பெத்திடம், புல் முளைக்கும் வரை. அதற்குமேல் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நாயும் அவனிடம்தான்.

அப்பாவை என்னோடு கூட்டிப்போகிறேன். விடுதியில் விடமாட்டார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துச் சொல்லச் சொல்லி என்னோடு படித்தவளுக்குத் தந்தி அடித்தேன். மூளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் அங்கே எப்படி இருப்பார், நான் அங்கே எப்படிப் படிப்பேன் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது மேல். இந்த வீட்டுப் புகைபோக்கியில் நாளையிலிருந்து புகை இருக்காது. கடைசி மகனின் வீட்டில் புகை நின்றால் குடும்பமே அணைந்துவிட்டதென்று ஊர் சொல்லும், உனக்குத் தெரியும். மம்பெத்தின் மனைவி அழுதாள். "சாணியையாவது புகையவிட்டுப் போடி, நான் வந்து பாத்துக்கறேன்," என்றாள். வேண்டாம் என்றேன். அது அவள் மூட்ட வேண்டிய அடுப்பல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள். ரெனாத்தாவுக்கு என் வணக்கம்.

கனிஷாய்.

*

பிஷ்கெக், அக்டோபர் 14

தம்பிக்கு,

வந்து சேர்ந்தோம். அறை சிறியது, குளிரவில்லை. முகவரி உறையின் பின்னால்.

புறப்பட்ட காலை, அடுப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். சாம்பலை வாரி வெளியே கொட்டினேன். ஷைலோ அப்பாவைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தான். கணவாய் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜோமார்த், எங்கடா போறோம்?" என்றார்.

"நான் கனிஷாய், அப்பா," என்றேன்.

என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ரொட்டி கேட்டார். பிய்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலை பல்கலைக்கழகம் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.